எக்ஸ்-மென் டைம்லைனில் தொலையாமல் படம் பார்ப்பது எப்படி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ம்யூட்டண்ட்கள், அதாவது பிறவியிலேயே விசேஷ சக்தி கொண்ட மனிதர்கள், நாயகர்களாக வரும் எக்ஸ்-மென் படங்களைக் கதை நடக்கும் ஆண்டு வரிசையில் பார்க்காதீர்கள். 1962-இல் நடப்பது முதலில், அப்புறம் 1973, 1983, 1992 என்று அடுக்கிய பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அந்த வரிசையில் போனால், ஆரம்பத்திலேயே, நீங்கள் அதுவரை சந்தித்தே இராத முதியவர்கள் சிலர் இருண்ட எதிர்காலம் ஒன்றில் சாகத் தயாராக நிற்பார்கள், அவர்கள் யார், ஏன் அவர்களுக்காக நாம் கலங்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது. வெளியான வரிசைதான் சரி. ஏன் என்பதைத்தான் இனி விரிவாகச் சொல்லப்போகிறேன், கூடவே டைம்லைனை எப்படிக் கையாள்வது என்பதையும். கதை முடிவுகள் எல்லாம் வெளியே வரும், இன்னும் பார்க்காதவர்கள் அதைத் தெரிந்துகொண்டு படியுங்கள்.

ஃபாக்ஸ் நிறுவனம் 2000 முதல் 2020 வரை வெளியிட்டது மொத்தம் 13 படங்கள். 2019 மார்ச்சில் ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியது, அதற்கப்புறம் 2024-இல் மார்வெல் ஸ்டூடியோஸ் பெயரில் 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' வந்தது. இந்த 13 படங்களும் ஒரே மனிதர் உட்கார்ந்து திட்டமிட்டு எழுதியவை அல்ல என்பதை மனதில் வையுங்கள். 2006-இல் வந்த 'தி லாஸ்ட் ஸ்டாண்ட்' படம் எக்ஸ்-மென் குழுவை உருவாக்கிய சேவியர், அவருடைய மாணவர்கள் ஸ்காட், ஜீன் மூன்று பேரையும் கொன்றுவிட்டது. 2009-இல் வுல்வரின் என்ற லோகனின் முன்கதையாக 'ஆரிஜின்ஸ்' வந்தது. 2011-இல் இளம் நடிகர்களை வைத்து 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' வந்தது. இரண்டு நடிகர் கூட்டம், ஒன்றோடொன்று முழுசாகப் பொருந்தாத இரண்டு முன்கதைகள், செத்துப்போன முக்கியப் பாத்திரங்கள். இந்த நிலைமையில்தான் 2014-இல் 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' காலப் பயணத்தைக் கையில் எடுத்தது. அந்தப் படத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக இடத்தில் உட்கார்ந்துவிடும்.

எந்தக் காலப் பயணப் படமாக இருந்தாலும் நான் மூன்று கேள்விகளோடுதான் பார்க்கிறேன். கடந்த காலத்துக்குப் போவது உடலா, மனமா? மாற்றம் நடந்துவிட்டால் பழைய காலம் அழிந்துபோகிறதா, இல்லை தனிக் கிளையாக எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறதா? பழையது யாருக்கு நினைவிருக்கும்? இதில் மூன்றாவதைத்தான் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. ஆனால் எக்ஸ்-மென்னைப் பொறுத்தவரை சாவி அங்கேதான் இருக்கிறது.

'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்கிறது. 2023-ஆம் ஆண்டு. சென்டினல் என்ற இயந்திரங்கள் ம்யூட்டண்ட்களையும் அவர்களுக்கு உதவியவர்களையும் வேட்டையாடி உலகையே பாழாக்கிவிட்டன. கிட்டி ப்ரைட் என்ற ம்யூட்டண்டால் ஒருவருடைய மனதை மட்டும் அவருடைய பழைய உடலுக்குள் அனுப்ப முடியும். சில நாட்கள் பின்னால் என்றால் யாரையும் அனுப்பலாம். 50 ஆண்டு பின்னால் என்றால் மூளை கிழிந்துபோகும், ஆகவே கிழியக் கிழிய ஆறிவிடும் லோகனால் மட்டும்தான் போக முடியும். அவன் 1973-இல் எதைச் செய்தாலும் அது உடனே எதிர்காலத்தை மாற்றிவிடாது. அவன் கண்விழிக்கும் வரை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். விழித்த நொடியில் புதியதே என்றைக்கும் நடந்ததாக ஆகிவிடும், பழையது அவன் ஒருவனுக்கு மட்டுமே நினைவிருக்கும்.

ஆகவே போவது மனம், பழையது அழியும், நினைவு லோகனுக்கு. இதை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் தொடக்கத்தில் மாஸ்கோவில் ஒரு சண்டை வரும், அதை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். சென்டினல்கள் நுழைகின்றன, ஒவ்வொருவராகச் சாகிறார்கள், உள்ளறையில் கிட்டி, பிஷப் என்ற சகாவின் தலைக்கு இருபுறமும் கைகளை வைத்து உட்கார்ந்திருக்கிறாள், கடைசி அடி விழும் முன் எல்லோரும் மறைந்துவிடுகிறார்கள். பிஷப் சில நாட்கள் முன்னால் போய் எச்சரித்துவிட்டான், அதனால் அந்தச் சண்டை நடக்கவே இல்லை. யாரும் உட்கார்ந்து விளக்குவதற்கு முன்பே படம் தன் விதியை நமக்குச் செய்து காட்டிவிடுகிறது. உச்சக்காட்சியும் இதே விதிப்படிதான் முடிகிறது. இதைவிடச் சுத்தமாகக் காலப் பயண விதியை அறிமுகப்படுத்திய சூப்பர்ஹீரோ படத்தை நான் பார்த்ததில்லை.

1973-இல் ஒரு கோடு

இப்போது தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு, 1973 என்ற இடத்தில் குறுக்கே வெட்டுங்கள். வெட்டுக்கு இடது பக்கம் நடந்தது எல்லாம் நடந்ததுதான், யாரும் அதைத் தொடவில்லை. 1845-இல் லோகனின் சிறுவயது, 1945-இல் நாகசாகியில் அவன் ஒரு ஜப்பானியச் சிப்பாயைக் காப்பாற்றுவது, 1962-இல் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது சேவியரும் அவருடைய நண்பர் எரிக்கும் பிரிவது, எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. வெட்டுக்கு வலது பக்கம் கோடு இரண்டாகப் பிரியும். மேல் கோட்டில் பழையவை: 'ஆரிஜின்ஸ்' படத்தில் வளர்ந்த லோகன் படும் பாட்டில் பெரும்பகுதி, முதல் மூன்று எக்ஸ்-மென் படங்கள், 2013-இல் வந்த 'தி வுல்வரின்', கடைசியில் அந்தப் பாழான 2023. கீழ்க் கோட்டில் புதியவை: 1983-இல் நடக்கும் 'அபோகலிப்ஸ்', 1992-இல் நடக்கும் 'டார்க் ஃபீனிக்ஸ்', எல்லோரும் உயிரோடிருக்கும் அமைதியான இன்னொரு 2023, அதற்கப்புறம் 2029-இல் 'லோகன்'.

அந்த வெட்டு ஏன் அங்கே விழுந்தது என்பதும் முக்கியம். பழைய வரலாற்றில், பாரிஸில் வியட்நாம் போரை முடிக்கும் பேச்சுவார்த்தை நடந்த சமயத்தில் உருமாறும் ம்யூட்டண்டான மிஸ்டிக், சென்டினல்களை வடிவமைத்த ட்ராஸ்க் என்பவனைச் சுட்டுக் கொன்றாள். சென்டினல் திட்டத்தை நிறுத்த நினைத்துச் செய்த அந்தக் கொலைதான் அரசை அந்தத் திட்டத்தின் பக்கம் தள்ளியது. பிடிபட்ட அவளுடைய மரபணுவை வைத்தே சென்டினல்களுக்கு எதிரியின் சக்திக்கு ஏற்ப மாறும் திறனைக் கொடுத்தார்கள். புதிய வரலாற்றில் வெள்ளை மாளிகை முன்னால், கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் சுடாமல் துப்பாக்கியைக் கீழே விடுகிறாள். பாருங்கள், காலத்தை மாற்றியது ஓர் இயந்திரமோ ஒரு கல்லோ இல்லை, ஒருத்தியின் முடிவு. லோகனோ சேவியரோ அவளைக் கட்டுப்படுத்தியும் செய்யவில்லை. சேவியரால் அவள் மனதுக்குள் புகுந்து தடுத்திருக்க முடியும், கடைசி நேரத்தில் அவர் விட்டுக்கொடுக்கிறார். இந்தத் தொடர் எனக்குப் பிடித்துப்போனதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

வெளியான வரிசை ஏன் வேண்டும் என்று மேலே கேட்டிருந்தேன் அல்லவா, அதற்கு வருகிறேன். 1973-இன் லோகன் உடலில் உலோகம் இன்னும் ஏறவில்லை, வெறும் எலும்பு நகங்கள். ஆனால் பாரிஸில் ராணுவ அதிகாரியான இளம் ஸ்ட்ரைக்கரைப் பார்த்ததும் அவன் நிலைகுலைந்துபோகிறான், ஏனென்றால் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துத் தனக்கு அவன் செய்யப்போகும் சித்திரவதை அந்த மனதுக்கு ஏற்கெனவே தெரியும். உடலுக்கு இன்னும் நடக்காத வலி மனதில் இருக்கிறது. இரண்டாவது படமான 'எக்ஸ்2' பார்த்தவருக்கு அந்தக் காட்சி நெஞ்சில் இறங்கும், பார்க்காதவருக்கு அது யாரோ ஒரு சிப்பாய். அதேபோல் கடைசியில் அவன் சேவியரின் பள்ளி மாளிகையில் கண்விழித்துப் படியிறங்கி வரும்போது ஜீன் உயிரோடு நிற்கிறாள், அவன் கை தயங்கித் தயங்கி அவள் கன்னத்துக்குப் போகிறது, ஸ்காட் குறுக்கே வந்து கையைத் தடுக்கிறான். அவளை 'லாஸ்ட் ஸ்டாண்ட்' முடிவில் லோகன்தான் தன் கையால் கொன்றான், 'தி வுல்வரின்' முழுக்கக் கனவில் அவளோடு பேசிப் பேசித் துடித்தான். அந்த அறையில் இருக்கும் யாருக்கும் இது தெரியாது. அவனுக்குத் தெரியும், நமக்குத் தெரியும். அழிந்துபோன காலத்தை அவனோடு சேர்ந்து சுமப்பவர்கள் படம் பார்க்கும் நாம்தான், ஆனால் அதற்கு அந்தப் படங்களை முன்பே பார்த்திருக்க வேண்டும். அதனால்தான் சுமாரான படங்களையும் தாண்டாதீர்கள் என்கிறேன்.

எதையெல்லாம் காலப் பயணத்தின் தலையில் கட்டக்கூடாது

பலர் தடுக்கி விழும் இடம் இது. ஒரு முரண்பாடு கண்ணில் பட்டால் உடனே 'டைம்லைன் மாறிவிட்டது' என்று சொல்லிவிடுவது. முதலில் அந்த முரண்பாடு 1973-க்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். முதல் படத்தில் சேவியர், தனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது எரிக்கைச் சந்தித்ததாகச் சொல்வார். 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' படத்தில் அவர்கள் சந்திப்பதோ 1962-இல், அப்போது அவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வை முடித்த வளர்ந்த மனிதர். இரண்டுமே வெட்டுக்கு முன்னால் நடப்பவை. லோகன் இதை மாற்றியிருக்க வழியே இல்லை. இது எழுத்தாளர்கள் கதையை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

இன்னொன்று கொஞ்சம் சிக்கலானது. 'லாஸ்ட் ஸ்டாண்ட்' தொடக்கத்தில், 20 ஆண்டுகளுக்கு முன் என்று காட்டும்போது, சேவியர் எரிக்கோடு சேர்ந்து சிறுமி ஜீனைப் பார்க்க நடந்து வருகிறார். 1962-இலேயே அவர் முதுகில் குண்டு பாய்ந்து கால்கள் போய்விட்டனவே? இதற்கு ரசிகர்கள் சொல்லும் சமாதானம், அவருடைய சகா ஹேங்க் தயாரித்த மருந்தைப் போட்டுக்கொண்டு நடந்தார் என்பது. ஆனால் 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' படத்திலேயே அந்த மருந்து கால்களைக் கொடுத்து மனசக்தியைப் பறித்துக்கொள்கிறது, அந்தப் பழைய காட்சியிலோ அவர் நடந்துகொண்டே ஜீனின் மனதோடு பேசுகிறார். ஆகவே அந்த விளக்கம் நிற்காது. 'ஆரிஜின்ஸ்' முடிவில் அவர் நடந்து வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போவதற்கும் இதே கதிதான். இந்த மாதிரி இடங்களைத் தாளின் ஓரத்தில் 'பொருந்தாதவை' என்று குறித்துவிட்டு மேலே போங்கள். குறிப்பதில் ஒரு நன்மை உண்டு, அடுத்தமுறை அதே இடத்தில் மூளையைப் போட்டுக் கசக்க மாட்டீர்கள்.

நடிகர் மாறுவதும் அப்படியே. ஸ்ட்ரைக்கராக மூன்று பேர் வெவ்வேறு படங்களில் நடித்திருக்கிறார்கள். ட்ராஸ்க் என்ற பெயரில் 'லாஸ்ட் ஸ்டாண்ட்' படத்தில் ஒருவரும், 2014 படத்தில் பீட்டர் டின்க்லேஜும் வருகிறார்கள். முகம் மாறினால் டைம்லைன் மாறியது என்று பொருள் இல்லை. தலைகீழாகவும் நினைவு வையுங்கள்: முகம் அதே முகமாக இருந்தாலும் ஆள் அதே ஆளாக இருக்கவேண்டும் என்பதில்லை. 2022-இல் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்தில் பேட்ரிக் ஸ்டூவர்ட் சேவியராக வந்தார், அது வேறொரு பிரபஞ்சத்துச் சேவியர். அவருக்கு நேர்வதை உங்கள் தாளில் எழுத வேண்டாம்.

வயதையும் விட்டுவிடுங்கள். எரிக் 1944-இல் வதைமுகாமில் சிறுவன், 1992-இல் அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்க வேண்டும், திரையில் மைக்கேல் ஃபாஸ்பெண்டர் அப்படித் தெரியமாட்டார். ஒவ்வொரு படத்துக்கும் பத்து ஆண்டு தாவியதால் வந்த விலை இது. 1960-களின் கியூபாவும் 70-களின் பாரிஸும் 80-களின் கெய்ரோவும் நமக்குக் கிடைத்தன, நரைமுடி கிடைக்கவில்லை. எனக்கு அது சம்மதமே.

அவெஞ்சர்ஸ் விதியை இங்கே கொண்டுவராதீர்கள்

அவெஞ்சர்ஸ் படமான 'எண்ட்கேம்' பார்த்துவிட்டு எக்ஸ்-மென்னுக்கு வருபவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். தற்செயலாக அந்தப் படமும் 2023-இலிருந்துதான் பின்னால் போகிறது. ஆனால் அங்கே மூன்று கேள்விகளுக்கும் பதில் வேறு. போவது உடல். பழையது அழியாது, அதில் வரும் விஞ்ஞானி பேனர் சொல்வதுபோல் நீ போகும் கடந்த காலம் உனக்கு எதிர்காலம் ஆகிவிடுகிறது, நீ விட்டுவந்த இடத்தை அது தொடாது. நினைவு எல்லோருக்கும் அப்படியே இருக்கும். இதற்குச் சிறந்த சான்று நெபுலா என்ற பாத்திரம். 2023-இன் நெபுலா 2014-இலிருந்து வந்த தன்னையே சுட்டுக் கொல்கிறாள், ஒன்றும் ஆகவில்லை, அவள் மறையாமல் அங்கேயே நிற்கிறாள். எக்ஸ்-மென் விதியில் இப்படி நடந்திருந்தால் கதையே வேறு. அங்கேயும் முழுத் தெளிவு இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்: கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ரோஜர்ஸ் முதியவராகக் கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் வேறு கிளையில் வாழ்ந்துவிட்டு வந்தார் என்பது இயக்குநர்கள் சொன்ன பதில், இதே காலத்தில் வாழ்ந்தார் என்பது எழுத்தாளர்கள் சொன்ன பதில். நான் எழுத்தாளர்கள் பக்கம். உங்களுக்கு எது மனதுக்கு ஒட்டுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

'டெட்பூல் 2' மூன்றாவது வகை. கேபிள் என்ற போர்வீரன் உடலோடு எதிர்காலத்திலிருந்து வருகிறான், ஆனால் இங்கே நடக்கும் மாற்றம் அவனுடைய எதிர்காலத்தை நேரடியாக மாற்றுகிறது. அவன் மகளின் கரடி பொம்மையில் படிந்த கறை மறைவதை வைத்து அவள் பிழைத்துவிட்டாள் என்று தெரிந்துகொள்கிறான். அதன் முடிவில் டெட்பூல் காலக் கருவியை எடுத்துக்கொண்டு சுற்றிவருவதை டைம்லைன் தாளில் ஏற்ற முயலாதீர்கள், அதில் அவன் நிஜ நடிகர் ரயன் ரெனால்ட்ஸையே சுடுகிறான். தன் காதலி வனெசாவை அவன் காப்பாற்றியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், 2024 படத்துக்கு அது தேவைப்படும்.

கீழ்க் கோட்டில் இருக்கும் உண்மையான சிக்கல்

'டார்க் ஃபீனிக்ஸ்' படத்தில் 1992-இலேயே மிஸ்டிக் இறக்கிறாள், ஜீன் மனித உருவை விட்டு விண்ணில் கலந்துவிடுகிறாள். ஆனால் 2014 படத்தின் முடிவில், புதிய 2023-இல், ஜீன் மாளிகையில் நிற்பதை நாம் பார்த்தோம். இரண்டும் ஒரே கோட்டில் எப்படி? ஜீன் பின்னால் திரும்பி வந்தாள் என்று வைத்துக்கொள்ளலாம், சாம்பலிலிருந்து எழும் பறவையைக் குறிக்கும் ஃபீனிக்ஸ் என்ற பெயரே அதற்கு இடம் தருகிறது. படம் அதைச் சொல்லவில்லை. நான் இதைத் தாளில் கேள்விக்குறியோடு விட்டுவைத்திருக்கிறேன்.

'லோகன்' படத்தை மாற்ற முடியாத முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் ஜேம்ஸ் மேங்கோல்ட் 2029-ஐத் தேர்ந்தெடுத்ததே 2023 காட்சியைத் தாண்டிப் போய்விட வேண்டும், மற்ற படங்களின் கட்டு தன் கதையை இழுக்கக்கூடாது என்பதற்காகத்தான். அந்த உலகில் எக்ஸ்-மென் காமிக்ஸ் புத்தகங்கள் கடையில் விற்கின்றன, லோகன் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, இதில் கால்பங்குதான் நடந்திருக்கும், அதுவும் இப்படி இல்லை என்கிறான். முந்தைய படங்களின் பொருந்தாத சின்னச் சின்ன விவரங்களை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்பவர்களுக்கு நான் அந்த வசனத்தைத்தான் காட்டுவேன். முடிந்தால் 'டார்க் ஃபீனிக்ஸ்' பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள், வெளியான வரிசையை நான் மீறுவது இந்த ஓர் இடத்தில் மட்டும். இரண்டு காலங்களைத் தலையில் சுமந்த ஒரு மனிதன், ஒரு முழு உலகத்தையே காப்பாற்றி மீட்டவன், கடைசியில் அந்த உலகமும் தேய்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டிப் பிழைக்கிறான். சேவியருக்கு மறதி நோய் முற்றிக்கொண்டிருக்கிறது. எல்லாம் நினைவிருக்கும் ஒருவனும் நினைவு கழன்றுகொண்டே போகும் ஒருவரும் ஒரே காரில் போகிறார்கள். பதினேழு ஆண்டுகளாக வந்த படங்களின் கனம் அந்த இரண்டு முகங்களில் இருக்கிறது.

அதற்கப்புறம்தான் 2024 படம். அங்கே வரும் வுல்வரின் நீங்கள் இத்தனை படங்களாகப் பின்தொடர்ந்த லோகன் இல்லை, இன்னொரு பிரபஞ்சத்திலிருந்து கூட்டிவந்தவன், தன் சகாக்களை எல்லாம் இழந்தவன். இதைத் தெரியாமல் உட்கார்ந்தால் 'லோகன்' முடிவையே கெடுத்துவிட்டார்கள் என்று கோபம் வரும். கெடுக்கவில்லை, அந்த மரணம் நடந்தது நடந்ததாகவே இருக்கிறது, அந்தப் பிரபஞ்சம் சிதையத் தொடங்குவதற்கே அதுதான் காரணம் என்று கதை சொல்கிறது. விதிகளும் மாறிவிட்டன: காலத்தைக் காவல் காக்கும் டிவிஏ என்ற அமைப்பு, கிளைகள், வேண்டாதவர்களைத் தூக்கிப்போடும் வெற்றுவெளி எல்லாம் 'லோகி' தொடரிலிருந்து வருபவை. அதன் முதல் சீசனை, 2021-இல் வந்த ஆறு பகுதிகளை, முன்கூட்டியே பார்த்துவிட்டால் நல்லது.

13 படத்துக்கும் நேரம் இல்லை, ஒரு வாரக் கடைசிதான் இருக்கிறது என்றால் இப்படிப் போங்கள். வெள்ளி இரவு 2000-இன் முதல் படம். சனிக்கிழமை 'எக்ஸ்2', 'லாஸ்ட் ஸ்டாண்ட்', இரவில் 'ஃபர்ஸ்ட் கிளாஸ்'. ஞாயிறு காலையில் 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்', மாலையில் 'லோகன்'. 'தி வுல்வரின்' முழுதாகப் பார்க்க முடியாவிட்டாலும், ஞாயிறு காலைப் படத்தைப் போடும் முன் அதன் பெயர்ப்பட்டியலுக்கு நடுவே வரும் விமான நிலையக் காட்சியை மட்டும் பார்த்துவிடுங்கள். செத்துப்போன சேவியர் அங்கே திரும்பி வருகிறார், எரிக்கும் கூட நிற்கிறார், அடுத்த படம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.